மறுக்க இயலாதவனின் விலை

சந்தையில் கத்தரிக்காயின் விலை மிகுதியெனக் கண்டால் நாம் அடுத்த கடைக்குச் செல்கிறோம். அங்கும் மிகுதியென்றால் அன்று வேறு காய் சமைத்துக்கொள்கிறோம். விற்பவரும் இதை நன்கு அறிவார். வந்தவர் எழுந்து போய்விடக்கூடும் என்னும் அச்சமே பல வேளைகளில் தராசு முள்ளை நேராக நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் வீட்டுச் சுவரைத் துளைத்து உள்ளே வரும் தண்ணீர்க் குழாயும், மின்கம்பியும், எரிவாயுக் குழாயும் அத்தகையவை அல்ல. ஒரு தெருவுக்கு ஒரு குழாய்தான் இருக்க முடியும். பத்து நிறுவனங்கள் பத்துக் குழாய்களைப் புதைப்பது வீண் செலவு. ஆகவே விற்பவர் ஒருவரே. வாங்குபவரோ எழுந்து போக இடமில்லாதவர். பட்டியலில் எழுதப்பட்ட தொகை எதுவாயினும் அவர் கட்டியாக வேண்டும், அல்லது தாகத்தோடும் இருளோடும் இருக்க வேண்டும். இத்தகைய இடத்தில் 'நியாயமான விலை' என்பது யாது? அதைச் சொல்ல உரியவர் யார்?

இதனோடு சேர்த்து மற்றொன்றையும் எண்ணிப் பார்ப்போம். ஒரு நகரம் மக்களின் வரிப்பணத்தில் பாலம் ஒன்று கட்டத் தீர்மானித்து, ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அப்பணியை ஒப்படைக்கிறது. கையொப்பமிடும் நாளில் பாலம் இல்லை. அவருடைய சொல் ஒன்றே இருக்கிறது. தூண்கள் பாதி எழுந்த நிலையில் அவர் நொடித்துப் போனால் என் செய்வது? கம்பி கட்டியவருக்கும் ஜல்லி கொடுத்தவருக்கும் யார் பதில் சொல்வது?

முதலாவது, மறுக்க இயலாதவன் கொடுக்கும் விலை. இரண்டாவது, முடிவைக் காண இயலாதவன் நம்பும் சொல். கணக்கரும் வழக்கறிஞரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய வறண்ட செய்திகள் இவை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் இவ்விரண்டும் அறநெறியின் பழைய கேள்விகள். தனியார் சொத்துரிமையையும் ஒப்பந்த உரிமையையும் பெரிதும் போற்றும் அமெரிக்க ஐக்கிய நாடே இக்கேள்விகளைத் தட்டிக்கழிக்க இயலாமல் ஒன்றரை நூற்றாண்டாக அவற்றோடு மல்லாடி வந்திருக்கிறது. அந்நாட்டு நகரங்களின் வரலாற்றிலிருந்து சிலவற்றை எடுத்து இங்கே சிந்திப்போம்.

தானியக் கிடங்கும் நீதிமன்றமும்

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் விளைந்த கோதுமை, கிழக்கே செல்ல வேண்டுமாயின் சிக்காகோ நகரின் மாபெரும் தானியக் கிடங்குகளைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. 1874-இல் அங்கு 14 கிடங்குகள் இருந்தன. அவை 9 நிறுவனங்களின் கையில் இருந்தன. அந்நிறுவனங்கள் ஆண்டுதோறும் தமக்குள் கலந்து பேசிக் கட்டணத்தை முடிவு செய்தன. உழவருக்கு வேறு வழியில்லை. இல்லினாய் மாநிலம் 1871-இல் சட்டம் இயற்றி, கிடங்குகள் வாங்கக்கூடிய உச்சக் கட்டணத்தை வரையறுத்தது. "எங்கள் சொத்து, எங்கள் விலை" என்று கிடங்கு உரிமையாளர்களான மன், ஸ்காட் ஆகிய இருவர் வழக்காடினர். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1877-இல் தலைமை நீதிபதி மாரிசன் வெயிட் வழங்கிய தீர்ப்பு, சட்டத்தை நிலைநிறுத்தியது. தம் முடிவுக்கு அவர் துணையாகக் கொண்டது, 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாத்யூ ஹேல் என்னும் ஆங்கில நீதிபதி துறைமுகங்களைப் பற்றி எழுதிய ஏடு. ஒரு துறைமுகத்தில் ஒரே ஒரு படகுத்துறைதான் உண்டு, வருவோர் அனைவரும் அங்கேயே சரக்கை இறக்கியாக வேண்டும் என்றால், அத்துறையின் உரிமையாளர் தாம் விரும்பிய கூலியைக் கேட்க முடியாது. கூலி மிதமாக இருத்தல் வேண்டும் என்பது ஹேலின் கருத்து. ஒருவர் தமது சொத்தைப் பொதுமக்கள் சார்ந்தே தீரவேண்டிய ஒன்றாக ஆக்கும்போது, அச்சொத்தின் மீது மக்களுக்கும் ஒரு பங்கு உண்டாகிறது. சொத்துரிமை அழிவதில்லை, ஆனால் அது தனித்து நிற்கும் உரிமையாக இனி இருப்பதில்லை.

ஹேலுக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னரே இதே கருத்தின் வேரை நாம் காண்கிறோம். புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலின் இரண்டாம் பகுதியில், வாங்குதல் விற்றல் பற்றிய 77-ஆம் வினாவில், மிக நுட்பமான வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறார். ஒரு பொருளை இழப்பதால் விற்பவருக்குத் தனிப்பட்ட இழப்பு நேருமாயின், அதை விலையில் சேர்த்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு, அவ்விழப்பு அவருடையது. ஆனால் வாங்குபவருடைய தேவை பெரிது என்பதற்காக மட்டும் விலையை உயர்த்த அவருக்கு உரிமையில்லை. ஏனெனில் அத்தேவை வாங்குபவருடையது. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றை எவரும் விற்க முடியாது.

இவ்வேறுபாட்டை ஆழ்ந்து நோக்குவோம். தண்ணீர் நிறுவனம் அணை கட்டிய செலவையும், குழாய் புதைத்த செலவையும், பணியாளரின் ஊதியத்தையும், முதலீட்டுக்குரிய ஆதாயத்தையும் கேட்கலாம். ஆனால் என் தாகத்தை அது எனக்கு விற்க முடியாது. தாகம் என்னுடையது. 'நீ தாகத்தால் எவ்வளவும் கொடுப்பாய், ஆகவே அவ்வளவும் கேட்பேன்' என்பது, என் வீட்டுப் பொருளை எடுத்து எனக்கே விற்பதற்கு ஒப்பாகும்.

தீர்ப்பிடுபவர் யார்?

கொள்கை தெளிவாயிருக்கலாம், ஆனால் தொகையைக் குறிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது? சான்பிரான்சிஸ்கோ நகரின் வரலாறு இதில் நல்ல பாடம்.

1858-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அங்கே தண்ணீர்க் கட்டணத்தை நிர்ணயிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. நகரத்தின் சார்பில் இருவர், நிறுவனத்தின் சார்பில் இருவர், இந்நால்வரும் சேர்ந்து தேரும் ஐந்தாமவர். நம் ஊர்ப் பஞ்சாயத்தை நினைவூட்டும் ஏற்பாடு. ஆனால் நகரில் தண்ணீர் விற்ற ஸ்பிரிங் வேலி நிறுவனத்தின் மீது மக்களுக்கு மனக்குறை பெருகியது. 1879-இல் கலிபோர்னியா மாநிலம் புதிய அரசியலமைப்பை ஏற்றபோது, கட்டணத்தை ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த நகர மன்றத்திடமே ஒப்படைக்கப்பட்டது. நிறுவனம் எதிர்த்தது. தண்ணீரை வாங்கும் மக்களின் வாக்குகளால் பதவிக்கு வந்தவர்களே விலையையும் நிர்ணயித்தால், வாதியே நீதிபதியாக அமர்வதாகாதா என்பது அதன் கேள்வி. 1884-இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எனினும், நிறுவனத்தின் கேள்வி அதனால் பொய்யாகிவிடவில்லை.

வேறொரு பக்கத்திலிருந்தும் ஆபத்து வந்தது. 1906-இல் அந்நகர மன்றம் எரிவாயுக் கட்டணத்தை ஆயிரம் கன அடிக்கு 75 சென்ட்டாகக் குறைப்பதாக மக்களுக்கு வாக்களித்திருந்தது. ஆனால் 85 சென்ட் என்று நிர்ணயித்தது. அடுத்த ஆண்டு நடந்த ஊழல் விசாரணையில், இதற்காகக் கையூட்டு பெற்றதை உறுப்பினர்களே ஒப்புக்கொண்டனர். பத்து சென்ட் என்பது சிறு தொகை. ஆனால் அது ஒவ்வொரு வீட்டு அடுப்பிலிருந்தும் எடுக்கப்பட்ட பத்து சென்ட் என்பதை மறத்தலாகாது. மறுக்க இயலாதவனுக்காக மறுப்புச் சொல்ல அமர்த்தப்பட்டவன், அந்த மறுப்பையே விலைபேசி விற்றுவிட்டான். சந்தையில் ஏமாற்றுபவன் ஒருவனை ஏமாற்றுகிறான். இவனோ ஊர் முழுவதையும் ஒரே கையெழுத்தில் ஏமாற்றுகிறான்.

1907-இல் விஸ்கான்சின், நியூயார்க் ஆகிய மாநிலங்கள் கட்டணம் நிர்ணயிக்க மாநில ஆணையங்களை அமைத்தன. நகர அரசியலின் சூட்டிலிருந்து சற்று விலகி, கணக்கறிந்தோர் அமர்ந்து விசாரிக்கட்டும் என்பது நோக்கம். ஆனால் விலகி அமர்ந்தவர் மக்களிடமிருந்தும் விலகிவிடுவதுண்டு. அருகிலிருப்பவன் அழுத்தத்துக்கு ஆளாகிறான். தொலைவிலிருப்பவன் மறதிக்கு ஆளாகிறான். இரண்டுக்கும் மருந்தாக எந்த அமைப்பும் இன்றுவரை முழுமையாக அமையவில்லை.

குறைந்த விலையும் அநீதியாகலாம்

இங்கே நாம் ஒரு பக்கச் சாய்வுக்கு ஆளாகிவிடக் கூடாது. விலை குறைவதெல்லாம் நீதி என்று எண்ணுவது எளிது. வாக்குக் கேட்பவருக்கு இனிது. ஆனால் நிறுவனம் போட்ட முதலுக்குரிய நியாயமான ஆதாயத்தையும் மறுத்துவிட்டால் நிகழ்வது என்ன? புதிய குழாய் புதைக்கப்படாது. பழைய குழாய் மாற்றப்படாது. அதன் விலையை நாம் கொடுப்பதில்லை. நம் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். இன்றைய வாக்காளர் கேட்கும் குறைந்த கட்டணம், இன்னும் வாக்குரிமை பெறாத குழந்தையின் மீது எழுதப்பட்ட கடனாகலாம்.

அமெரிக்க நீதிமன்றங்கள் இச்சிக்கலோடு நெடுங்காலம் போராடின. மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு நகரத் தண்ணீர் நிறுவனம் தொடுத்த வழக்கில், 1923-இல் உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோலைத் தந்தது. அதே வட்டாரத்தில், அதே அளவு இடர்ப்பாடுள்ள பிற தொழில்களில் கிடைக்கும் ஆதாயம் இந்நிறுவனத்துக்கும் கிடைக்க வேண்டும்; ஆனால் சூதாட்டம் போன்ற முயற்சிகளில் கிடைக்கும் கொள்ளை ஆதாயத்தைக் கேட்க அதற்கு உரிமையில்லை. போட்டியின்றி விற்பவர் இடர்ப்பாடும் குறைவாகவே ஏற்கிறார். ஆகவே ஆதாயமும் மிதமாயிருக்கட்டும் என்பது இதன் உட்பொருள். 1944-இல் ஹோப் எரிவாயு நிறுவன வழக்கில் நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. எந்தக் கணக்கு முறையைப் பின்பற்றினீர்கள் என்பதைவிட, முடிவில் விளைந்த கட்டணம் நியாயமும் தகவும் உடையதா என்பதே கேள்வி என்றது. இது சிந்திக்கற்பாலது. கணக்கு முறை எவ்வளவு நுட்பமாயிருந்தாலும், அது எவர் வீட்டு வாசலில் போய் என்ன செய்கிறது என்று பார்க்காமல் நீதியை அளக்க முடியாது.

டெக்சாஸ் தரும் படிப்பினை

இன்றைய நிலையை அறிய டெக்சாஸ் மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கே எரிவாயுக் கட்டணத்தைக் கண்காணிக்கும் மாநில அமைப்பின் பெயர் விந்தையானது: இரயில்வே ஆணையம். இரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்த 1891-இல் தோன்றிய அவ்வாணையம், இன்று இரயிலைப் பற்றிய பொறுப்பு எதுவுமின்றிப் பெயரை மட்டும் சுமந்துகொண்டு எண்ணெயையும் எரிவாயுவையும் கவனிக்கிறது. அதே 1891-இல்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளர் நிலை குறித்த தம் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி 'சம்மதித்தான்' என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது. பசிக்கு அஞ்சிக் கொடுத்த சம்மதம் முழுச் சம்மதமன்று என்பது அதன் மையக் கருத்துகளுள் ஒன்று. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் மனிதர்கள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அம்மாநிலச் சட்டப்படி, நகர எல்லைக்குள் எரிவாயுக் கட்டணத்தை முதலில் விசாரிக்கும் அதிகாரம் நகர மன்றத்துக்கே உண்டு. கட்டணத்தை உயர்த்த விரும்பும் நிறுவனம் குறைந்தது 35 நாள்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். மன்றம் அவ்வுயர்வை 90 நாள்கள் வரை நிறுத்திவைத்து ஆராயலாம். கணக்காளர்களையும் வல்லுநர்களையும் அமர்த்தலாம். அதற்கான நியாயமான செலவை நிறுவனமே திருப்பித் தர வேண்டும். மன்றத்தின் முடிவு பிடிக்காவிடில் நிறுவனம் ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். சிறு நகரங்கள் பலவும் ஒன்றுசேர்ந்து ஒரே வல்லுநரை அமர்த்திக்கொள்வதும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிறுவனம் திருப்பித் தரும் அச்செலவு, பெரும்பாலும் மீண்டும் கட்டணத்தோடு சேர்ந்து மக்களிடமே வந்துவிடுகிறது. வாதிக்கும் பிரதிவாதிக்கும் வழக்கறிஞர் கூலி கொடுப்பவர், விசாரணை மன்றத்துக்கு வர நேரமில்லாத அந்த இல்லத்தலைவியே.

ஒழுங்குமுறை தளரும்போது என்ன நேரும் என்பதையும் டெக்சாஸ் காட்டியது. மின்சாரத்தின் சில்லறை விற்பனையை 2002 முதல் அம்மாநிலம் பெரும்பகுதியில் சந்தையிடமே விட்டுவிட்டது. 2021 பிப்ரவரியில் கடுங்குளிர்ப் புயல் வீசி, மின்நிலையங்களும் எரிவாயுக் கிணறுகளும் உறைந்தன. இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் ஆழ்ந்தன. 246 பேர் இறந்ததாக அம்மாநிலச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. அந்நாள்களில் மொத்தச் சந்தையில் மின்சாரத்தின் விலை, அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பான மெகாவாட் மணிக்கு 9,000 டாலரைத் தொட்டு அங்கேயே நின்றது. அதாவது ஒரு யூனிட் 9 டாலர். வழக்கமான நாள்களில் அது சில சென்ட்டுகளே. மொத்த விலையை அப்படியே செலுத்தும் திட்டத்தில் சேர்ந்திருந்த வீடுகளுக்குச் சில நாள்களில் ஆயிரக்கணக்கான டாலர் பட்டியல் வந்தது. எரிவாயு நிறுவனங்கள் அவ்வாரத்தில் கொடுத்த மிகை விலையை ஈடுகட்ட, 2023-இல் சுமார் 350 கோடி டாலர் அளவுக்குக் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. அதை மக்கள் தம் மாதப் பட்டியல் வழியாகப் பல ஆண்டுகள் அடைப்பார்கள். மின்விலையின் உச்சவரம்பு 2022-இல் 5,000 டாலராகக் குறைக்கப்பட்டது.

விலை உயர்ந்தால் புதிய விற்பவர் வருவர், வாங்குபவர் சிக்கனம் காட்டுவர் என்பது சந்தையின் கோட்பாடு. பல இடங்களில் அது மெய்தான். ஆனால் உறைந்த கிணறு விலையைக் கேட்டு உருகுவதில்லை. குளிரில் நடுங்கும் முதியவர் விலையைக் கேட்டு நடுங்காமல் இருக்க முடிவதில்லை. அக்குவினாஸ் சொன்ன எல்லை இங்கேதான் மீறப்பட்டது: அவ்வாரத்தில் விற்கப்பட்ட பொருளின் பெரும்பகுதி மின்சாரமன்று, மனிதரின் நடுக்கமே.

நியாயமான விலையையும் கொடுக்க இயலாதவர்

இன்னும் ஒரு படி உள்ளே செல்வோம். கட்டணம் முற்றிலும் நியாயமானதாகவே இருக்கட்டும். செலவுக்கு மேல் ஒரு காசும் இல்லை என்றே கொள்வோம். அதையும் கொடுக்க இயலாத ஏழையை என்ன செய்வது? 2014-இல் டெட்ராய்ட் நகரம், பாக்கி வைத்த ஆயிரக்கணக்கான வீடுகளின் தண்ணீர் இணைப்பைத் துண்டித்தது. கொடுக்க வழியில்லாதவரின் தண்ணீரை நிறுத்துவது மனித உரிமை மீறல் என்று ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநர்கள் எச்சரித்தனர். நகரத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது: ஒருவர் கட்டாத தொகையை அண்டை வீட்டாரே சுமக்க வேண்டியிருக்கிறது; அவர்களும் செல்வரல்லர்.

பிலடெல்பியா நகரம் 2017-இல் வேறு வழியைத் தேர்ந்தது. வருவாய் குறைந்த குடும்பங்களுக்குத் தண்ணீர்க் கட்டணத்தைப் பயன்படுத்திய அளவால் மட்டும் கணக்கிடாமல், குடும்ப வருவாயில் சிறு விழுக்காடாக வரையறுத்தது. மற்றவர் கட்டணம் அதனால் சிறிது கூடுகிறது. இது நீதியா, இரக்கமா? ஒருவன் தான் வாங்கியதற்கு மேல் கொடுப்பது இரக்கம் என்று வாதிடலாம். ஆனால் குழாய் என்பது தனித்தனி வீடுகளின் சொத்தன்று. ஊர் சேர்ந்து வாழ்வதற்காக ஊர் சேர்ந்து போட்ட ஒன்று. கடைசி வீட்டிலும் நீர் ஓடும்போதுதான் ஊர் நோயின்றி இருக்கும். ஆகவே அந்த மிகைத் தொகையை ஈகை என்று பெருமை பாராட்டிக்கொள்ள நமக்கு இடமில்லை. அது சேர்ந்து வாழ்வதன் கூலி.

சொல்லுக்கு யார் பிணை?

இனி இரண்டாவது கேள்வி. அமெரிக்காவில் 1894-இல் இயற்றப்பட்ட ஹேர்டு சட்டமும், அதன் இடத்தில் 1935-இல் வந்த மில்லர் சட்டமும், நடுவண் அரசின் கட்டுமானப் பணி எடுக்கும் ஒப்பந்தக்காரர் பிணைப் பத்திரம் தர வேண்டும் என விதித்தன. மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றித் தம் நகரங்களுக்குச் சட்டம் செய்தன. டெக்சாஸில், ஒரு இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பொதுப்பணிக்கு ஒப்பந்தத் தொகை முழுமைக்கும் 'பணி முடிப்புப் பிணை' வேண்டும். நகரப் பணிகளில் 50,000 டாலருக்கு மேற்பட்டால் 'ஊதியப் பிணை' என இரண்டாவதொன்றும் வேண்டும்.

இவ்விரண்டின் வேறுபாடு கவனிக்கத்தக்கது. முதலாவது நகரத்தைக் காக்கிறது. ஒப்பந்தக்காரர் பணியைக் கைவிட்டால், பிணை நின்ற நிறுவனம் வேறொருவரைக் கொண்டு பணியை முடிக்க வேண்டும், அல்லது பத்திரத்தின் அளவுக்குப் பணம் தர வேண்டும். இரண்டாவது, தொழிலாளரையும் பொருள் கொடுத்தவரையும் காக்கிறது. தனியார் வீடு கட்டி ஊதியம் பெறாதவர், அவ்வீட்டின் மீதே சட்டப்படி பற்றுரிமை கோரலாம். பொதுப் பாலத்தின் மீதோ, பள்ளியின் மீதோ அவ்வாறு கோர முடியாது; கூலி பாக்கிக்காகப் பாலத்தை ஏலம் விட முடியுமா? ஆகவே அவருக்கு மாற்றாக இப்பிணை வைக்கப்பட்டது. ஊர் பயன்பெறும் பாலத்தில் கொத்தனாரின் கொடுபடாத கூலி புதைந்திருக்கலாகாது என்னும் நல்லுணர்வு இதில் உண்டு. எனினும், மில்லர் சட்டத்தில், துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவர் தம் கடைசி வேலை நாளிலிருந்து 90 நாள்களுக்குள் முதன்மை ஒப்பந்தக்காரருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நாள் தவறினால் உரிமை போயிற்று. சட்டப் புத்தகத்தில் உள்ள காப்பு, சட்டம் படிக்காதவருக்குக் காப்பாவதற்கு இடையே நீண்ட தொலைவு இருக்கிறது.

பிணை நிற்பதைப் பற்றி மறைநூல் இரு குரல்களில் பேசுகிறது. நீதிமொழிகள் நூல், பிறருக்காகப் பிணை நிற்பவரைப் பலமுறை எச்சரிக்கிறது. தொடக்க நூலிலோ, தம்பி பென்யமினுக்காகத் தந்தையிடம் யூதா தன்னையே பிணையாக வைக்கிறார். பின்னர் எகிப்தில் அச்சொல்லின்படியே தம்பிக்கு மாற்றாக அடிமையாகத் தம்மைக் கையளிக்க முன்வருகிறார். சீராக்கின் ஞானநூல் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்கிறது: பிணை நிற்பது நல்லவரின் செயல், ஆனால் பிணையால் கெட்டழிந்தவர் பலர். ஒருவருடைய வாழ்வையே மூழ்கடித்த இந்தச் சுமையைப் பலர் பகிர்ந்து தாங்கத்தக்க தொழிலாக மாற்றியதுதான் பிணை நிறுவனங்களின் வேலை எனலாம்.

ஆனால் பிணை கேட்பது மனிதனை நம்ப மறுப்பதாகாதா? சொல்லைப் பத்திரத்தால் கட்டும்போது சொல்லின் மாண்பு குறைகிறதே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வியில் பொருளுண்டு. எனினும் இரண்டை நினைக்க வேண்டும். முதலாவது, பிணைப் பத்திரம் ஒப்பந்தக்காரருக்கான காப்பீடு அன்று. நிறுவனம் கொடுத்த தொகையை அவரிடமிருந்தே பின்னர் வசூலிக்கும்; அதற்காக அவருடைய சொந்த உடைமைகளையும் முன்கூட்டியே ஈடாக எழுதி வாங்குவது வழக்கம். ஆகவே பொறுப்பு அவரைவிட்டு நீங்குவதில்லை. பிணை தருமுன் அந்நிறுவனங்கள் பார்ப்பவை மூன்று என்று அத்தொழிலில் சொல்வதுண்டு: நடத்தை, திறமை, முதல். நடத்தை முதலில் நிற்கிறது. இரண்டாவது, நகர மன்றம் தன் சொந்தப் பணத்தைக் கொடுப்பதில்லை. என் பணத்தை நான் ஒருவரை நம்பிக் கொடுத்து இழந்தால் அது என் பெருந்தன்மை. ஊர்ப் பணத்தை அவ்வாறு கொடுத்தால் அது பிறர் செலவில் நான் காட்டும் பெருந்தன்மை. அறங்காவலருக்கு அந்த உரிமை இல்லை.

ஆயினும் ஓர் உண்மையான குறை உண்டு. முதல் இல்லாத இளம் ஒப்பந்தக்காரர், நேர்மையும் திறமையும் இருந்தும், பிணை கிடைக்காமல் வாசலிலேயே நின்றுவிடுகிறார். இதை உணர்ந்தே அமெரிக்க நடுவண் அரசு 1970-களின் தொடக்கம் முதல், சிறுதொழில் நிர்வாக அமைப்பின் வழியாகச் சிறு ஒப்பந்தக்காரருக்காகப் பிணை நிறுவனங்களுக்கு உறுதி அளித்து வருகிறது. பிணைக்கே ஒரு பிணை! பாதுகாப்புக்காக எழுப்பிய சுவரில், எளியவர் நுழைய ஒரு வாசலையும் அவ்வப்போது திறந்து வைக்க வேண்டியிருக்கிறது.

அவையில் இல்லாதவர்

கட்டண விசாரணையையும் பிணைப் பத்திரத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் ஒரே மனிதர் மையத்தில் இருப்பதையும், அவர் அவையில் இல்லாததையும் காண்கிறோம். கட்டண விசாரணை நடக்கும் மாலையில் வீட்டில் அடுப்பெரிக்கும் பெண். ஒப்பந்தம் கையெழுத்தாகும் அறைக்கு அழைக்கப்படாத கொத்தனாரும் சித்தாளும். பழுதான குழாயை நாளை பெறவிருக்கும் குழந்தை. நிறுவனத்துக்கு வழக்கறிஞர் உண்டு. ஒப்பந்தக்காரருக்குக் கணக்கர் உண்டு. இவர்களுக்கு இருப்பது சட்டம் ஒன்றே. அச்சட்டமும் யாரேனும் ஒருவர் எடுத்துப் பேசும்வரை ஊமையாகவே கிடக்கிறது.

சட்டம் நேர்மையைப் படைப்பதில்லை என்பதை 85 சென்ட் கதை காட்டுகிறது. சட்டமில்லாத நேர்மை போதாது என்பதை 2021-இன் குளிர் காட்டுகிறது. நேர்மையற்றவர் கையில் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் ஒரு வணிகப் பொருளாகிறது. சட்டமற்ற ஊரில் நல்லவரின் நல்லெண்ணம் ஒரு புயலைக்கூடத் தாங்குவதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது; எதையும் மற்றதற்கு மாற்றாக ஏற்றுக்கொள்ள இயலாது.

தோமா அக்குவினாஸின் அளவுகோல் நீதிபதிகளுக்கும் நகர மன்றங்களுக்கும் மட்டும் உரியதன்று. நம்மை விட்டால் வேறு வழியில்லாதவர் நம் ஒவ்வொருவருடைய வாழ்விலும் சிலர் உண்டு: வீட்டு வேலைக்கு வரும் பெண், வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம், நம் மேசையில் மனுவோடு காத்திருக்கும் முதியவர். அவர்களிடம் நாம் பெறும் கூலியிலும், வாடகையிலும், பணிவிலும், எவ்வளவு நாம் உண்மையில் கொடுத்ததற்கு ஈடு. எவ்வளவு அவர்களுடைய மறுக்க இயலாமைக்கு நாம் வைத்த விலை? இக்கணக்கைச் சரிபார்க்க எந்த ஆணையமும் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆகவே அதை நாமே பார்த்தாக வேண்டும்.